மாடுகளுக்குச் சொல்லாமல் திறந்த ரோடு

ரோட்டு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமார் சிலர் போன வாரம் என்னைப் பார்க்க வந்தார்கள். இவ்வளவு சீக்கிரம் ஏன் ஓய்வு பெற்றீர்கள் என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னேன். ஓய்வு பெற்றவை என் முழங்கால்கள். அவை தனியாக வீட்டுக்குப் போக மறுத்துவிட்டதால் நானும் கூடப் போக வேண்டியதாயிற்று. மற்றபடி எனக்கு வயது அப்படியொன்றும் ஆகிவிடவில்லை. மீசையில் இன்னும் கறுப்புக்குத்தான் பெரும்பான்மை.

"அண்ணே, வேலையில நீங்க எப்பவாவது பயந்திருக்கீங்களா?" என்று ஒருவர் கேட்டார். பயப்படாத நாட்களைக் கேட்டிருந்தால் சீக்கிரம் சொல்லி முடித்திருப்பேன். கல்லுக்கு வெடி வைத்தால் பயம். மழை வந்தால் பயம். மழை வராமல் துரை வந்தால் அதைவிடப் பயம். ஆனாலும் உங்களுக்கு உபயோகமான ஒரு பயம் இருக்கிறது. அதை மட்டும் எழுதி வைக்கிறேன். சரளை பரப்புவதும் ரோட்டோரம் தண்ணீர் ஓடக் காண் வெட்டுவதும் இதில் வராது. அதையெல்லாம் மேலதிகாரிகள் சொல்லித் தருவார்கள். அவர்கள் தராவிட்டாலும் மழை சொல்லித் தரும்.

தெஹியோவிட்டைக்கு மேலே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில், ரோட்டின் வளைவு ஒன்றில் பெரிய பள்ளிக்கூடம் இருந்தது. கல்லூரி என்று பலகை போட்டிருந்தார்கள். தங்கிப் படிக்கிற பிள்ளைகள், தோட்டங்களிலிருந்து நடந்து வருகிற பிள்ளைகள், கடைத்தெருப் பிள்ளைகள் என்று சிங்களமும் தமிழும் சேர்ந்து இரைகிற இடம். கட்டடம் ரோட்டுக்கு இந்தப் பக்கம், விளையாட்டு மைதானம் அந்தப் பக்கம். இடையில் போகிற ரோட்டில்தான் மேல் தோட்டங்களின் ரப்பர் பெட்டிகள் அத்தனையும் மாட்டு வண்டிகளில் இறங்கி வரும். எதிரே அவிசாவளையிலிருந்து பஸ்ஸும் லொறியும் முக்கி முனகி ஏறி வரும். ஒரு கரையில் பாறை, மறு கரையில் பள்ளிக்கூட மதில். இரண்டுக்கும் நடுவில் ஒரு வண்டி தாராளமாகப் போகலாம். இரண்டு வண்டி போக வேண்டுமானால் இரண்டு வண்டிக்காரர்களும் நல்ல குணமுள்ளவர்களாக இருக்க வேண்டும்.

இது போதாதென்று பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே, பாறையை ஒட்டி, காதர் நானாவின் தேத்தண்ணிக் கடை இருந்தது. கடைக்கு முன்னால் ஒரு கருங்கல் தொட்டி. பாறை ஊற்றின் மூங்கில் பீலியில் வாளி பிடித்து விடியக்காலையிலேயே அதை நிறைத்து வைத்திருப்பார். மலையிறங்கி வருகிற மாடுகள் அங்கே நின்று தண்ணீர் குடிக்கும். வண்டிக்காரர்கள் தேத்தண்ணி குடிப்பார்கள். பின்னால் வருகிற வண்டிகள் வரிசையாக நிற்கும். பஸ்காரன் ஹோன் அடிப்பான். அந்த வண்டிச் சில்லுகளுக்கு இடையில் புகுந்துதான் பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடும்.

ஒருநாள் சின்னப் பெண்பிள்ளை ஒன்றின் குடை வண்டிச் சில்லுக்கு அடியில் போயிற்று. பிள்ளையை யாரோ சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். தலைமை ஆசிரியர் அந்த நொறுங்கின குடையை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் என்ஜினியர் துரையிடம் போனார். தலைமை ஆசிரியர் சிங்களவர், தமிழும் பேசுவார். ஊரில் எல்லோருக்கும் அவர் 'லொக்கு மாஸ்டர்', அதாவது பெரிய வாத்தியார். துரையின் மேசையில் குடையை வைத்து, "இந்த முறை குடை" என்று மட்டும் சொன்னாராம்.

துரை என்னைக் கூப்பிட்டார். பள்ளிக்கூடத்துக்கு மேலேயே தோட்ட ரோட்டிலிருந்து கிளை பிரித்து, குன்றின் பின்பக்கமாகச் சுற்றி, கீழே பாலத்தடியில் பெரிய ரோட்டோடு சேர்க்க வேண்டும். வண்டிகள் எல்லாம் அந்த வழியில் போய்விட்டால் பள்ளிக்கூட வாசல் பிள்ளைகளுக்கு. திட்டம் அழகான திட்டம். அந்த இணைப்பு ரோட்டை வெட்டி முடிக்கும் பொறுப்பு முழுவதும் என் தலையில் விழுந்தது. எனக்கோ தலைகால் புரியவில்லை. அதுவரை அடுத்தவன் போட்ட ரோட்டுக்குக் குழி அடைத்தே காலம் தள்ளியவன் நான்.

வேலை நடந்துகொண்டிருக்கும்போது ஒருநாள் காதர் நானா தேத்தண்ணியை என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, ஒங்கட ரோடு அந்தப் பக்கமா போனா என்ட கடைக்கு ஆரு வாறது?"

"பள்ளிக்கூடப் பிள்ளைங்க இருக்காங்களே நானா. தோடம்பழ இனிப்பு வாங்கிப் போடுங்க. மாட்டவிட நல்லாத் தின்னும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "வண்டிக்காரன் வெள்ளனவே பசியோட வருவான். புள்ளைங்க வயித்த நெரப்பிக்கிட்டு வரும்" என்று சொல்லிவிட்டுக் கேத்தலைத் துடைக்கப் போய்விட்டார். நல்ல பகிடி ஒன்று வீணாய்ப் போனதே என்று நினைத்துக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்தேன். அந்த மனுஷர் பிழைப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறார் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

ரோடு முடிந்தது. திறப்பு நாள் வந்தது.

அன்றைக்கு நான் செய்த ஏற்பாடுகளைக் கேளுங்கள். எந்தக் குறையும் இல்லை. அதுதான் பயங்கரம். கீழே பாலத்தடியில், புது ரோடு வந்து சேருகிற இடத்தில், துரைக்கு நாற்காலி போட்டு ரிப்பன் கட்டியிருந்தேன். மேல் தோட்டத்து வண்டிகளை ரப்பர் பெட்டிகளோடு வரிசையாக வரச் சொல்லியிருந்தேன். முதல் வண்டி வீரமுத்துவுடையது. மாடுகளுக்குச் செவ்வந்தி மாலை, வீரமுத்துவுக்குப் புதுத் தலைப்பாகை. ரோடு பிரிகிற இடத்தில் பச்சைக் கொடியோடு நான்.

முந்தின நாளே வண்டிக்காரர்களைக் கூட்டி வைத்துப் பாடம் நடத்தினேன்.

"துரைக்கு வாயில்லாச் சீவன வதைக்கிறது புடிக்காது. மாட்ட அடிக்கக் கூடாது. வால முறுக்கக் கூடாது. மூக்கணாங் கவுத்தச் சுண்டி இழுக்கக் கூடாது. நம்ம ரோட்டுல மாடு தன் பாட்டுல போற மாதிரி இருக்கணும்."

வீரமுத்து தலையைச் சொறிந்தான். "அடிக்காம ஓட்டுறது சரிங்க ஐயா. கவுத்தயும் இழுக்கலன்னா நாங்க எதுக்குங்க வண்டியில?"

"அழகுக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பகிடிக்கு ஆள் சிரித்துவிட்டால் எனக்குத் தலை கனத்துவிடும். கனத்த தலையோடு லொக்கு மாஸ்டரிடம் போனேன். துரை புது ரோட்டைப் பார்த்து முடித்ததும் காரில் பள்ளிக்கூடத்துக்கு வருவார். பிள்ளைகள் வரவேற்புப் பாட்டுப் பாடப் போகிறார்கள். அவர்களை மதிலுக்குள்ளே நிறுத்துவோம் என்றார் மாஸ்டர்.

"எதுக்கு சேர் உள்ளே? நாளையிலேருந்து இந்த வாசல்ல ஒரு மாட்டு வண்டியும் வராது. நடு ரோட்டுலயே நிறுத்துங்க. துரை பார்க்கட்டும்."

"ஓவர்சியர் மஹத்தயா, நிச்சயமா?"

"என் தலை மேல சத்தியமா."

தம்பிமாரே, உங்கள் தலையை எதற்கு வேண்டுமானாலும் பணயம் வையுங்கள். அது உங்கள் தலை. ஒரு ரோட்டில் ஒரு தடவையாவது வண்டி ஓடிப் பார்ப்பதற்கு முன்னால் அடுத்தவன் பிள்ளைகளை அதன் பேரில் நிறுத்தாதீர்கள். இந்த ஒரு வரிக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதுகிறேன்.

மறுநாள் காலை, வெயில் ஏறுகிற நேரம். மேலே வண்டிகளின் சலங்கைச் சத்தம் கேட்டது. கீழே வளைவுக்கு அப்பால் பிள்ளைகள் வரவேற்புப் பாட்டை ஒத்திகை பார்க்கத் தொடங்கியதும் கேட்டது. வீரமுத்துவின் வண்டி திருப்பத்தில் தெரிந்தது. மாலையும் கழுத்துமாக மாடுகள். கயிறு தளர்ந்து தொங்கியது. வீரமுத்து மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். நான் பச்சைக் கொடியைப் புது ரோட்டின் பக்கம் வீசினேன்.

இரண்டு மாடுகளும் கொடியைப் பார்த்தன. புது ரோட்டையும் பார்த்தன. பிறகு, தினம் தினம் போகிற வழியில், பழைய ரோட்டில், தன் பாட்டில் இறங்கிப் போயின.

"வீரமுத்து! திருப்புடா!"

"கவுத்த இழுக்கலாமுங்களா ஐயா?"

"இழுடா!"

அவன் இழுத்தான். அதற்குள் வண்டி சரிவில் இறங்கிவிட்டது. பாரம் ஏற்றிய வண்டி அந்தச் சரிவில் பின்னுக்கு வராது. தண்ணீர் வாசனை பிடித்த மாடும் பின்னுக்கு வராது. முன்வண்டி போன வழியில்தான் பின்வண்டி மாடும் போகும். ஒவ்வொரு வண்டியாக என் முன்னால் திரும்பி இறங்கியது. ஒவ்வொரு வண்டிக்காரனும் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

அந்தக் கணத்தில் என் மூளை எனக்குத் தந்த யோசனைகளை அப்படியே சொல்கிறேன். முதலில், கொடியை இன்னும் பலமாக ஆட்டு என்றது. ஆட்டினேன். பிறகு விசிலை ஊது என்றது. ஊதினேன். மாடுகள் வேகம் கூட்டின. அடுத்தபடியாக, தூத்துக்குடிக்குக் கப்பல் ஏறிவிடு என்றது. இதில் நான் கொஞ்ச நேரம் தங்கிவிட்டேன் என்பதை மறைக்கப் போவதில்லை. கப்பலில் எந்தப் பக்கம் படுத்தால் காற்று வரும் என்பது வரைக்கும் யோசித்தாயிற்று.

கீழே பிள்ளைகளின் பாட்டு இரண்டாவது அடிக்கு வந்தது. கால்கள் மூளையைக் கேட்காமல் கிளம்பிவிட்டன.

பழைய ரோடு வளைந்து சுற்றித்தான் பள்ளிக்கூடத்துக்குப் போகும். ரப்பர் மரங்களுக்கு நடுவே நேராக இறங்கினால் பாதித் தூரம். இறங்கினேன். அது பால் சேர்க்கிற வேளை. ஒவ்வொரு மரத்திலும் சிரட்டை நிறையப் பால். நான் மரத்தைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன், சிரட்டை சிரட்டையாக என் மேல் கவிழ்ந்தது. கடைசியில் வாளி நிறையப் பாலோடு குறுக்கே வந்த ராக்கம்மாவின் மேல் போய் மோதினேன். அவள் தப்பிவிட்டாள். வாளி தப்பவில்லை. அத்தனையும் என் தலையில்.

"எவன்டா அது! கண்ண லயத்து வீட்டுல வச்சிட்டு வந்தியா!" என்று கத்தினவள், கிட்டே வந்து பார்த்து, "ஐயோ, ஓவர்சியர் ஐயாவா! எங்கங்க இப்புடி ஓடுறீங்க? சிறுத்த கிறுத்த வருதா?" என்றாள்.

"மாடு!"

"மாட்டுக்கா ஐயா இந்த ஓட்டம்!"

பதில் சொல்ல எனக்கு வாய் இல்லை. வாய்க்குள்ளும் பால்.

பள்ளிக்கூட வாசலில் நான் போய் விழுந்தபோது பிள்ளைகள் நடு ரோட்டில் வரிசையாக நின்று பாடிக்கொண்டிருந்தன. ஆகச் சின்னதுகளை முன்னால் ஒரு பெஞ்சியில் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். லொக்கு மாஸ்டர் என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு கையை ஆட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். வண்டி வருது, உள்ளே ஓடுங்கள் என்று கத்த வேண்டும் என்பது என் எண்ணம். வெளியே வந்தது வேறு ஏதோ சத்தம். கன்றுக்குட்டி கிணற்றில் விழுந்தால் அப்படிக் கத்தலாம். தலை முதல் கால் வரை வெள்ளை. உடம்பெல்லாம் ஒழுகுகிறது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பிள்ளைகளை நோக்கி ஓடினேன்.

பாட்டு நின்றது.

"ஹொல்மன!" என்றது ஒரு பிள்ளை. "பேய்!" என்று அதற்குத் தமிழில் வழிமொழிந்தது இன்னொன்று. அவ்வளவுதான். பெஞ்சியில் நின்றதுகள் குதித்தன, பின்னால் நின்றதுகள் தள்ளின, ஒரே மூச்சில் எல்லாம் மதிலுக்குள் போய்ச் சேர்ந்தன. லொக்கு மாஸ்டர் மட்டும் தூக்கின கையோடு நின்றார். "கவுத?" என்று சிங்களத்தில் கேட்டார். நீ யார் என்று அர்த்தம். நான் அவரையும் அப்படியே கட்டிப் பிடித்து வாசலுக்குள் தள்ளிக்கொண்டு போனேன். அவருடைய வெள்ளைக் கோட்டும் என்னுடைய வெள்ளையும் ஒட்டிக்கொண்டன.

வீரமுத்துவின் வண்டி வளைவில் வந்தது. மாடுகள் தொட்டிக்கு நேரே போய், அளந்து வைத்த மாதிரி நின்று, மூஞ்சியைத் தண்ணீரில் வைத்தன. இரண்டாவது வண்டி அதன் வால் தொட்டு நின்றது. மூன்றாவது வண்டிக்கு நிற்க இடம் இல்லை. வண்டிக்காரன் ஒதுக்கப் பார்த்தான். ஒரு சில்லு பாறை ஓரத்தில் ஏறியது. வண்டி மெல்லச் சாய்ந்தது. ரப்பர் பெட்டிகள் ஒன்றன் பின் ஒன்றாகச் சரிந்து, பிள்ளைகள் ஏறி நின்ற பெஞ்சியின் மேல் விழுந்தன.

பெஞ்சி விறகாயிற்று.

பிள்ளைகள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தன. இன்றைக்கும் அந்தப் பெஞ்சியைப் பற்றிப் பகிடியாக ஒன்று சொல்ல எனக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு துரை வந்தார். பாலத்தடியில் ரிப்பனுக்கு முன்னால் உட்கார்ந்து, வெறும் ரோட்டைப் பார்த்துச் சலித்து, கார் ஏறி வந்திருக்கிறார். கார் பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. பஸ் வண்டிக்கு முன்னால் மாட்டிக்கொண்டது. நடந்து வந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது என்ன?" என்று லொக்கு மாஸ்டரைக் கேட்டார்.

"உங்களுடைய ஓவர்சியர்."

"இது யாருடைய தவறு?"

வீரமுத்து தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் கயிற்றை விட்டுவிட்டான் என்று நான் சொல்லியிருக்கலாம். அது பொய்யும் அல்ல. அப்படிச் சொல்ல வாயைத் திறந்தும்விட்டேன். ஆனால் அவன் என்னைப் பார்த்த பார்வையில், 'அழகுக்கு' என்று நான் சொன்னது அப்படியே இருந்தது.

"கயிற்றை இழுக்காதே என்று சொன்னது நான், சேர்."

துரை என்னை விட்டுவிட்டுத் தொட்டியைப் பார்த்தார். "அந்தத் தொட்டிதான் காரணம். உடைத்து எடு. இன்றைக்கே."

அலவாங்கோடு இரண்டு பேர் வந்தார்கள். காதர் நானா கடைக்குள்ளிருந்து வந்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தொட்டி விளிம்பில் ஏறி உட்கார்ந்தார்.

"மாட்டுக்குத் தண்ணி வெச்சது குத்தமா? ஒடைக்கிறதுன்னா என்னையும் சேத்து ஒடைங்க."

ஒரு பக்கம் துரையின் கட்டளை. ஒரு பக்கம் நானா. பின்னால் பஸ்காரனின் ஹோன். தலையில் பால் இறுகி, தோல் இழுத்துப் பிடிக்கத் தொடங்கிவிட்டது. அந்த நேரத்தில் வளைவில் இன்னொரு வண்டி வந்தது. எங்கள் ஊர்வலத்தில் சேராத வண்டி, புளத்கொகுபிட்டியப் பக்கத்திலிருந்து வருவது. திறப்பு விழா சங்கதி எதுவும் அதற்குத் தெரியாது. வண்டிக்காரன் வாயைப் பிளந்துகொண்டு நல்ல தூக்கம். கயிறு அவன் காலடியில் கிடந்தது. மாடுகள் வந்து, கடைசி வண்டிக்குப் பின்னால் வரிசையில் நின்று, தங்கள் முறைக்காகக் காத்திருந்தன. வண்டிக்காரன் கண் திறக்கவே இல்லை.

நான் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ரோடு வெட்ட நான் கேட்காத ஆள் இல்லை. தோட்டத் துரையைக் கேட்டேன், லொக்கு மாஸ்டரைக் கேட்டேன், லொறிக்காரனைக் கேட்டேன். எந்த வழியில் போவது என்று தினமும் முடிவு செய்கிறவர் கொம்போடு முன்னால் நடந்துகொண்டிருக்கிறார். அவருக்கு நான் எதுவுமே ஏற்பாடு செய்யவில்லை.

"சேர், தொட்டியை உடைத்தால் நாளைக்கும் மாடுகள் இங்கேதான் வரும். தண்ணீர் இல்லாமல் இன்னும் அதிக நேரம் நிற்கும். காலை வரைக்கும் தவணை தாருங்கள். தொட்டி இங்கே இருக்காது."

துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பெஞ்சியைப் பார்த்தார். "நாளைக் காலை நானே வந்து இந்த வாசலில் நிற்பேன். இங்கே ஒரு வண்டி நின்றாலும் நீ இந்த வேலையில் நிற்க மாட்டாய்."

அவர் போன பிறகு தொட்டிக்குப் பக்கத்தில் குந்தினேன்.

"நானா, எறங்குங்க."

"எறங்க மாட்டன்."

"ஒடைக்கல்ல. தூக்கிட்டுப் போறோம், புது ரோட்டுக்கு."

"தொட்டி போனா நான் இங்க இருந்து என்ன செய்ற?"

"நீங்களும்தான் வாறீங்க. கடையோட."

"அண்டைக்குக் கேட்ட நேரம் தோடம்பழ இனிப்பு விக்கச் சொன்னீங்க."

"அதையும் கொண்டு வாங்க. நானே வாங்கித் திங்கிறேன்."

நானாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் தாடி கொஞ்சம் அசைந்தது. இறங்கி என்னோடு மேலே நடந்தார். ரோடு பிரிகிற இடத்துக்குச் சற்று உள்ளே, பாறை அடியில், ஒரு சமதரை உண்டு. வெட்டும்போது அங்கே ஓர் ஊற்றுக் கிளம்பி எங்களைப் படாத பாடு படுத்தியது. ஊற்றைக் காணுக்குத் திருப்பிவிட்டு, அந்தச் சமதரையில் ஒரு கல் நட்டிருந்தேன். ரோடு திறந்த விவரமும், துரை பேரும், அதற்குக் கீழே கொஞ்சம் சின்ன எழுத்தில், ஆனால் கூர்ந்து பார்த்தால் தெரிகிற மாதிரி, என் பேரும்.

நானா ஊற்றில் கை வைத்துப் பார்த்தார். தண்ணீரை வாயில் விட்டுக் கொப்பளித்தார். "இந்த எடம்தான்" என்றார். பிறகு கல்லைக் காட்டினார். "இது என்னத்துக்கு?"

"ரோடு போட்டவங்க பேரு நானா."

"மாடு வாசிக்குமா?"

கல்லைப் பிடுங்கிப் போட்டோம்.

தொட்டியை ஏற்றினது பெரிய பாடு. வீரமுத்துவும் மற்ற வண்டிக்காரர்களும் தாங்களாகவே வந்தார்கள். தண்ணீர் ஊற்றி வைக்க ஆள் இல்லாத தொட்டி தங்களுக்கு எதற்கு என்று கடைக் கேத்தலையும் பெஞ்சிகளையும் அவர்களே தூக்கினார்கள். உருட்டுக் கட்டைகள் வைத்து, மாலை வாடிப் போயிருந்த அதே மாடுகளைப் பூட்டி, பொழுது சாயுமுன் தொட்டியைப் பாறை அடியில் கொண்டுபோய் வைத்தோம். நான் தள்ளவில்லை. என் கை எதைத் தொட்டாலும் அதோடு ஒட்டிக்கொண்டது. பொழுது பட்டதும் முடிவெட்டுகிற பாபர் வந்து, வேறு வழியில்லை என்று சொல்லி, தலையை மொட்டையடித்துவிட்டான். ராக்கம்மா பார்த்துவிட்டு, "எம் பாலுக்கு அந்த மயிராவது போனதே" என்றாளாம்.

மறுநாள் விடிந்தது. தொப்பி காது வரைக்கும் இறங்கி நிற்க, ரோடு பிரிகிற இடத்தில் நின்றேன். கொடி கொண்டுபோகவில்லை. கீழே பள்ளிக்கூட வாசலில் துரையின் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது.

வண்டிகள் வந்தன. முன்னால் வந்தவன் முந்தின நாள் தூங்கிக்கொண்டு வந்த புளத்கொகுபிட்டிய வண்டிக்காரன். இன்றைக்கும் தூக்கம். மாடுகள் பிரிகிற இடத்துக்கு வந்து நின்றன. இடமும் போகவில்லை, வலமும் போகவில்லை. நின்றன. பின்னால் வண்டிகள் சேர்ந்தன. ஒருவரும் கயிற்றை இழுக்கவில்லை. ஒரு நாளைக்கு இழுத்துத் திருப்பலாம். தினமும் தூங்குகிறவனை யார் எழுப்புவது? மாடு தானாகத் திரும்பினால்தான் ரோடு. எல்லோருக்கும் அது தெரியும். எல்லோரும் மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் மாட்டின் காதடியில் போய் நின்று பேசினேன். என்ன பேசினேன் என்று கேட்காதீர்கள். இடையில் இரண்டு தடவை 'சேர்' என்று சொன்னதாக வீரமுத்து இன்றைக்கும் சொல்லித் திரிகிறான்.

இடது மாடு பழைய ரோட்டின் பக்கம் ஒரு காலை எடுத்து வைத்தது. எனக்கு மறுபடியும் தூத்துக்குடிக் கப்பல் தெரிந்தது.

அப்போது பாறை அடியிலிருந்து தண்ணீர்ச் சத்தம். காதர் நானா வாளியை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி, தொட்டிக்குள் சாய்த்துக்கொண்டிருந்தார். அவசரமில்லாமல், நூலாக, நிற்காமல். தினம் தினம் விடியக்காலையில் தொட்டி நிறைக்கிறவரின் கை அது. மாட்டின் காது திரும்பியது. பிறகு மூக்கு. பிறகு எடுத்து வைத்த கால். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு புது ரோட்டில் ஏறியது. பின்னால் வந்ததெல்லாம் அதன் வழியே ஏறியது. வீரமுத்து என்னைக் கடக்கும்போது, கயிற்றைத் தூக்கிக் காட்டி, "அழகுக்குங்க ஐயா" என்றான்.

தூங்கினவன் தொட்டியடியில் கண் விழித்தான். பாறையைப் பார்த்தான், ரப்பர் மரத்தைப் பார்த்தான், பயந்து எழுந்து உட்கார்ந்தான். "ஐயோ நானா, நீங்க எங்க இங்க? நான் எங்க வந்துட்டேன்?"

"சரியாத்தான் வந்தீக்க. எறங்கிக் குடி" என்று நானா கோப்பையை நீட்டினார்.

நான் மறுபடியும் ரப்பர் மரங்களுக்கு நடுவே இறங்கி ஓடினேன். இந்த முறை சிரட்டைகளுக்கு வழி விட்டு, மரியாதையாக. பள்ளிக்கூட வாசலில் ரோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் வெறிச்சென்று கிடந்தது. நடுவில் ஒன்றே ஒன்று நின்றது, துரையின் கார். துரை அதில் சாய்ந்துகொண்டு வளைவைப் பார்த்தபடி, வராத வண்டிகளுக்காகக் காத்திருந்தார். வாசலில் பிள்ளைகள் மைதானத்துக்குப் போக வரிசையாக நின்றன.

லொக்கு மாஸ்டர் துரையிடம் போனார். மிகவும் பணிவாகத் தொப்பியைக் கழற்றினார்.

"துரை மன்னிக்க வேண்டும். வாகனத்தைக் கொஞ்சம் ஒதுக்கி நிறுத்த முடியுமா? பிள்ளைகள் ரோட்டைக் கடக்க வேண்டும்."

துரை காரைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், ஓட்டத்தில் தொப்பி விழுந்து மொட்டைத் தலையோடு நின்ற என்னைப் பார்த்தார். ஏறி, காரை மதிலோரம் ஒதுக்கினார். பிள்ளைகள் கடந்தன. கடைசியில் போன சின்னப் பெண்பிள்ளை ஒன்று நடு ரோட்டில் நின்று, குனிந்து, அவிழ்ந்திருந்த சப்பாத்து நாடாவை ஆற அமரக் கட்டிக்கொண்டு போனது.